பெட்டியில் ஒரு பெயர், உள்ளே இரண்டு சரக்கு



மரக்கறி வியாபாரிக்குக் கரட்டைப் பார்த்தாலே தரம் தெரியும். புடவை வியாபாரிக்கு விரலால் தொட்டால் தெரியும். கணனிச் சாமான் விற்கும் எமக்கு அந்த வசதி கிடையாது. பெட்டியில் என்ன அச்சிட்டிருக்கிறதோ அதை நம்பி வாங்குகிறோம். அதையே நம்பச் சொல்லி விற்கிறோம். பதுளையில் கணனிக் கடை நடத்தும் நான் இந்த விடயத்தில் ஒரு தடவை நன்றாகப் பட்டுத் தெளிந்தவன். பண்டாரவளை, வெலிமடை, பசறை, லுணுகலை போன்ற இடங்களில் கைத்தொலைபேசிக் கடை வைத்திருக்கும் சகோதரர்கள் பலர் பழைய கணனிகளைத் தருவித்து, கேம் விளையாடும் பிள்ளைகளுக்காகக் குறைந்த விலைக் கிரபிக்ஸ் கார்ட்களையும் சேர்த்து விற்கிறார்கள். அவர்களுக்குப் பிரயோசனப்படும் என்பதால் அந்தப் பாடத்தை இங்கே எழுதுகிறேன்.

2019ஆம் ஆண்டு. பசறைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தம்பி வந்தார். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு கெப்பெட்டிபொல பொருளாதார மத்திய நிலையத்தில் மூட்டை ஏற்றிச் சம்பாதித்த பணம் கொஞ்சம், தாயார் சீட்டு எடுத்துக் கொடுத்த பணம் கொஞ்சம் கையில் இருந்தது. என்னிடமே முன்னர் வாங்கிய பழைய அலுவலகக் கணனி ஒன்று அவரிடம் இருந்தது.

"நானா, ஜீடி 1030 கார்ட் ஒன்று போட்டால் ஜீடிஏ 5 ஓடும். கூட்டாளி வீட்டில் ஓடுது" என்றார்.

கூட்டாளி சொன்னது சரிதான். அந்தக் கார்ட்டும் நான் விற்றதுதான். கொழும்பு மொத்த வியாபாரி ஒருவருக்குத் தொலைபேசி எடுத்து இரண்டு கார்ட் தருவித்தேன். ஒன்றை 15,000 ரூபாவுக்கு அந்தத் தம்பிக்குப் பொருத்திக் கொடுத்தேன். அப்போது தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபா. இருபத்தொரு நாள் கொழுந்து பறித்தாலும் அந்தத் தொகை வராது.

நான்காம் நாள் தாயாரோடு வந்து நின்றார். அந்த அம்மா சத்தம் போடவில்லை. "மொதலாளி, கூட்டாளி வீட்டுல ஓடுறது இவன் வீட்டுல ஓடல்லயாம். நீங்க பழச குடுத்துட்டீங்கன்னு சொல்றான். நான் அப்படி இருக்காதுன்னு சொன்னேன்" என்றார். கடையில் நாலு பேர் இருந்தார்கள். சீல் உடைக்காத பெட்டி, புத்தம் புதிய சாமான் என்று நான் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னேன். பிறகுதான் கணனியைக் கொண்டுவரச் சொல்லி, ஜீபீயூ-இசட் என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். மெமறி வகை என்ற கட்டத்தில் டிடிஆர்4 என்று இருந்தது. கூட்டாளியின் கார்ட்டில் இருந்தது ஜிடிடிஆர்5.

விடயம் இதுதான். என்விடியா கம்பனி 2017 மே மாதம் ஜீடி 1030 கார்ட்டை வெளியிட்டபோது அதில் 2 ஜிபி ஜிடிடிஆர்5 மெமறி இருந்தது. 2018இல் அதே பெயரில், அதே 2 ஜிபி அளவில், டிடிஆர்4 மெமறி போட்ட வேறொரு கார்ட்டும் சந்தைக்கு வந்தது. சிப் ஒன்றே. கோர் எண்ணிக்கையும் 384 என ஒன்றே. ஆனால் மெமறிக்கும் சிப்புக்கும் இடையில் தகவல் போய்வரும் அளவு முதலாவதில் செக்கனுக்கு 48 ஜிகாபைட், இரண்டாவதில் 16.8 ஜிகாபைட். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. தேயிலைத் தொழிற்சாலையை எண்ணிப் பாருங்கள். ரோலர் எத்தனை இருந்தாலும் கொழுந்து லொறி நாளைக்கு ஒரு தடவைதான் வரும் என்றால் ரோலர்கள் சும்மாதான் நிற்கும். அமெரிக்காவின் கேமர்ஸ் நெக்ஸஸ் குழுவினர் 2018இல் இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சோதித்து, டிடிஆர்4 கார்ட்டில் கேமின் வேகம் பாதியளவுக்கு விழுவதை எடுத்துக் காட்டினார்கள்.

கவனிக்க வேண்டியது, இது போலிச் சாமான் அல்ல. கம்பனியே வெளியிட்ட அசல் சாமான். பெட்டியிலும் எழுதித்தான் இருந்தது. ஆனால் முன்பக்கத்தில் 1030 என்பது உள்ளங்கை அளவு. மெமறி வகை ஓரத்தில் எறும்பெழுத்தில். மாதிரி இலக்கத்திலும் குறிப்பு உண்டு. உதாரணமாக கிகாபைட் கம்பனியின் இலக்கத்தில் 1030க்குப் பின்னால் டி5 அல்லது டி4 என்று வரும். பெட்டி என் கையில் இருந்தது, எழுத்தும் இருந்தது, நான் வாசிக்கவில்லை. மொத்த வியாபாரியிடம் கேட்டபோது, "நீங்கள் 1030 கேட்டீர்கள், 1030 அனுப்பினோம்" என்றார். அதற்குமேல் அவரோடு பேச எனக்கு வழியிருக்கவில்லை.

தம்பிக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. அந்த அம்மாவுடைய முகத்துக்கு நேரே வேறெதுவும் சொல்ல வாய் வரவில்லை என்பதுதான் உண்மை. அந்த இரண்டு டிடிஆர்4 கார்ட்களையும் பின்னர் என்ன செய்தேன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

பெயர் ஒன்று, உள்ளே வேறு என்பது ஜீடி 1030க்கு மட்டும் உரிய கதையல்ல. 2014இல் வந்த ஜீடி 730 ஒரே பெயரில் மூன்று வகை. ஒன்றில் 96 கோர், மற்ற இரண்டில் 384 கோர். அந்த இரண்டிலும் ஒன்று டிடிஆர்3, மற்றது ஜிடிடிஆர்5. 2016இல் வந்த ஜீடிஎக்ஸ் 1060 கார்ட்டில் 6 ஜிபி, 3 ஜிபி என்று இரண்டு வந்தன. மெமறி மட்டும்தான் குறைவு என்று நாமெல்லோரும் எண்ணினோம். கோரும் 1280இலிருந்து 1152 ஆகக் குறைந்திருந்தது. ஏஎம்டி கம்பனியும் இதில் சளைத்ததல்ல. ஆர்எக்ஸ் 560 வந்தபோது 1024 கோர். 2017 முடிவதற்குள் 896 கோர் உள்ளதும் அதே பெயரில் விற்பனைக்கு வந்துவிட்டது. 2018இல் சீனச் சந்தைக்கென வந்த ஆர்எக்ஸ் 580 2048எஸ்பி என்பது பெயரில் 580, உள்ளே ஏறத்தாழ 570. இன்று இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் 580 கார்ட்களில் கணிசமானவை இந்த வகைதான். விலையைக் கேட்டதும் சந்தோஷப்படாமல், 2304 கோரா 2048 கோரா என்று கேளுங்கள்.

அண்மைய உதாரணம் ஆர்டிஎக்ஸ் 3050. 2022 ஜனவரியில் வந்தது 8 ஜிபி, 2560 கோர், 130 வாட். 2024 பெப்ரவரியில் வந்தது 6 ஜிபி, 2304 கோர், 70 வாட். மெமறியின் வேகமும் செக்கனுக்கு 224 ஜிகாபைட்டிலிருந்து 168 ஆக இறங்கியது. பெயர் மட்டும் அப்படியே 3050.

இந்த இடத்தில் ஒரு விடயத்தை நிதானமாகச் சொல்ல வேண்டும். மேற்படி 6 ஜிபி கார்ட் 'குறைந்த' சரக்கு என்று ஒதுக்கிவிட்டால் நாம் வியாபாரம் தெரியாதவர்கள் ஆகிவிடுவோம். எமது பகுதியில் விற்பனையாகும் கணனிகள் எவை? வெளிநாட்டு அலுவலகங்களில் பாவித்துக் கழித்த டெல் ஒப்டிபிளெக்ஸ், எச்பி ஆகியனதான். அவற்றில் சிறிய பெட்டி வகைகளுக்குப் பவர் சப்ளை 240 வாட் அளவில்தான் இருக்கும். கிரபிக்ஸ் கார்ட்டுக்கென்று தனியாகக் கொடுக்கும் 6 பின் வயர் அதில் கிடையாது. மதர்போர்ட்டின் ஸ்லொட் வழியாக ஆகக்கூடியது 75 வாட் மாத்திரமே கொடுக்க முடியும். அந்தக் கணனிக்கு 130 வாட் கார்ட்டை விற்பது, லயத்து வீட்டு வயரிங்கில் மாவரைக்கும் மில்லைப் பூட்டுவது போன்றது. 70 வாட்டில் ஓடும் 6 ஜிபி 3050 கார்ட், அதுவும் உயரம் குறைந்த வகையாக இருந்தால், அந்தப் பெட்டிக்கு அதைவிடப் பொருத்தமான புதுச் சாமான் கிடைப்பது கஷ்டம். ஆகவே குறை சரக்கில் இல்லை. எதை எதுவென்று சொல்லி, யாருக்கு விற்கிறோம் என்பதில்தான் இருக்கிறது.

எனது இரண்டு டிடிஆர்4 கார்ட்களும் அப்படித்தான் போயின. கடிதம் டைப் பண்ணிக் கொடுக்கும் கொமினிகேஷன் கடைக்காரர் ஒருவர் ஒரே கணனியில் இரண்டு மொனிட்டர் பூட்ட வேண்டும் என்று வந்தார். அவருக்குக் கேமும் இல்லை, ஒன்றும் இல்லை. "இது கேமுக்கு உதவாது, அதனால் விலையைக் குறைத்துத் தருகிறேன்" என்று சொல்லியே கொடுத்தேன். அவர் மறுவாரம் வந்து மற்றதையும் வாங்கிச் சென்றார். இரண்டிலும் சேர்த்து சிறு நட்டம்தான்.

வாடிக்கையாளர் கார்ட்டின் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தால், விலை சொல்வதற்கு முன் நான் இப்போது மூன்று கேள்வி கேட்பேன். உங்கள் கணனி எது? மொனிட்டர் எது? என்ன கேம்? பையன்கள் சிரிப்பார்கள், பரவாயில்லை.

கணனியைக் கேட்பது வாட்டுக்காக மட்டுமல்ல. 2022 ஜனவரியில் ஏஎம்டி வெளியிட்ட ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டீ, அதன் தம்பி 6400 ஆகிய இரண்டும் ஸ்லொட்டில் நான்கு பாதையை மாத்திரமே பாவிக்கும் கார்ட்கள். பிசிஐ 4.0 உள்ள புதிய மதர்போர்ட்டில் இது பெரிய குறையாகத் தெரியாது. ஆனால் இன்டெல் நான்காம் தலைமுறைப் பழைய கணனியில் இருப்பது பிசிஐ 3.0. அங்கே ஒவ்வொரு பாதையின் வேகமும் பாதி. இரண்டாம் தலைமுறைக் கணனியில் அதிலும் பாதி. 4 ஜிபி மெமறி நிரம்பியதும் கேம் திக்கத் தொடங்கும். விளையாடுவதைப் பதிவு செய்து யூடியூபில் போடும் பிள்ளைகளுக்கு இன்னொரு ஏமாற்றமும் உண்டு. வீடியோ பதிவுக்கான பகுதியே இந்த இரண்டு கார்ட்களிலும் இல்லை. இதேபோல இன்டெல்லின் ஆர்க் கார்ட்கள், குறிப்பாக 2024 டிசம்பரில் 249 டொலர் அறிமுக விலையில் வந்த 12 ஜிபி பீ580, விலைக்கு மிகத் தரமானவை. ஆனால் ரிசைசபிள் பார் என்ற வசதியுள்ள கணனியில்தான் அவை ஒழுங்காக வேலை செய்யும். இன்டெல்லில் பத்தாம் தலைமுறை தொடக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். பழைய ஒப்டிபிளெக்ஸுக்கு ஆர்க் கார்ட்டை விற்பவர் வாடிக்கையாளரை இழப்பார்.

மொனிட்டரைக் கேட்பதற்குக் காரணம், எமது பக்கத்தில் நீல நிற வீஜீஏ வயர் மாத்திரமே பூட்டக்கூடிய பழைய மொனிட்டர்கள் இன்னும் ஏராளம். ஜீடிஎக்ஸ் 10 வரிசை தொடக்கம் என்விடியா சிப்களில் வீஜீஏ வெளியீடு கிடையாது. சிப் பொருத்திய மாற்றி ஒன்றைச் சேர்த்து விற்க வேண்டும். சொல்லாமல் விட்டால் மடுல்சீமையிலிருந்து வந்தவர் இரண்டு பஸ் பிடித்து வீட்டுக்குப் போய், திரை கறுப்பு என்று மறுபடி இரண்டு பஸ் பிடித்து வருவார்.

கேமைப் பொறுத்தவரை, பையன்கள் கேட்பதில் பெரும்பாலானது அவ்வளவு பாரமானது அல்ல. கிரிக்கட் 07 என்ற பழைய விளையாட்டு கார்ட்டே இல்லாமல் ஓடும். வெலோரன்ட் மிக இலேசானது. ஜீடி 1030 ஜிடிடிஆர்5 கார்ட்டே அதற்குப் போதுமானது. ஆனால் வின்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. வின்டோஸ் 11இல் வெலோரன்ட் ஓட வேண்டுமென்றால் டீபிஎம் 2.0, செக்கியூர் பூட் ஆகிய இரண்டும் கட்டாயம். வின்டோஸ் 11 உத்தியோகபூர்வமாக ஏற்பது இன்டெல்லின் எட்டாம் தலைமுறையிலிருந்துதான். அந்த விளையாட்டுக்காகவே நான்காம் தலைமுறைக் கணனி வாங்குபவரிடம் இதைச் சொல்லி விற்பது எமது கடமை. ஜீடிஏ 5 விளையாட ஜீடிஎக்ஸ் 1050 டீஐ 4 ஜிபி தாராளம். மறுபுறம் 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ், 2025 மே மாதம் வந்த புதிய டூம் போன்றவை ரே டிரேசிங் சிப் இல்லாத கார்ட்டில் ஆரம்பிக்கவே மாட்டா. 1050 டீஐ, 1650, 580 எதுவும் அங்கே செல்லாது.

அப்படியானால் இன்று எந்த வரிசையில் வைப்பது? எனது கணிப்பைச் சொல்கிறேன். ஜீடி 710, ஜீடி 730 ஆகியவற்றைக் கேமுக்கென்று விற்கவே வேண்டாம். 710உம் 384 கோர் 730உம் சேர்ந்த தலைமுறைக்குப் புதிய கேம்களுக்கான டிரைவர் 2021இலேயே நின்றுவிட்டது. அவற்றின் விலையை ஜிடிடிஆர்5 1030இன் விலையோடு ஒப்பிட்டாலே போதும். அதற்கு மேலே 1050 டீஐ. 75 வாட், தனி வயர் தேவையில்லை. அதற்கும் மேலே 2019 ஏப்ரலில் வந்த ஜீடிஎக்ஸ் 1650. பெரும்பாலான வகைகளுக்குத் தனி வயர் தேவையில்லை, ஆனால் சில கம்பனிகள் 6 பின் வைத்தும் செய்திருக்கின்றன, பார்த்து வாங்க வேண்டும். ஆர்எக்ஸ் 570, 580 இரண்டும் 1650ஐ விட வேகமானவை, விலையும் குறைவு. ஆனால் 580க்கு 185 வாட் வேண்டும். நல்ல பவர் சப்ளையின் விலையையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் மலிவு என்பது கொஞ்சம் கரைந்துவிடும். புதுக் கணனியாகப் பூட்டுபவருக்கு 2021இல் வந்த ஆர்எக்ஸ் 6600, 8 ஜிபி, 132 வாட், நடுத்தர விலையில் என் கண்ணுக்கு இன்னும் நல்ல சரக்கு. 8 ஜிபி 3050ஐ விட அது தெளிவாக வேகமானது.

1050 டீஐ போன்ற பாஸ்கல் தலைமுறைக் கார்ட்களுக்கு ஒரு காலக்கெடு வந்துவிட்டதையும் சொல்லிவிட வேண்டும். புதிய கேம்களுக்கான டிரைவர் 2025 ஒக்டோபருடன் நின்றது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 ஒக்டோபர் வரை வரும் என என்விடியா அறிவித்திருக்கிறது. பழைய கேம்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் அதிக விலை கொடுத்து இப்போது இருப்பு வைக்கும் சாமான் அல்ல.

கார்ட்டே வாங்காமல் இருப்பதும் ஒரு தெரிவு. பணம் குறைவாக, ஆனால் புதுக் கணனி வேண்டும் என்று வருபவருக்கு ரைசன் 5 5600ஜீ போன்ற, கிரபிக்ஸ் உள்ளேயே உள்ள புரொசசரைக் காட்டுங்கள். ஜீடி 1030க்குக் கொடுக்கும் காசு மிச்சம். ஒரு நிபந்தனை, ரெம் இரண்டு துண்டாகப் போட வேண்டும். 16 ஜிபி ஒன்றை விட 8 ஜிபி இரண்டு. ஒரே துண்டு போட்டால் கேமின் வேகம் கணிசமாக விழும், ஏனெனில் இந்த வகையில் கிரபிக்ஸுக்கும் அதே ரெம்தான் மெமறி. ஒரு துண்டு போட்டு இலாபம் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். மறுபடியும் அந்தப் பழைய கொழுந்து லொறிக் கதைதான்.

பாவித்த கார்ட் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் எமது வியாபாரத்தில் பெரும்பகுதி அதுதான். 2022 செப்டெம்பர் 15இல் எதீரியம் நாணயம் தனது முறையை மாற்றியதோடு, இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்த இலட்சக்கணக்கான கார்ட்களுக்கு வேலை இல்லாமல் போனது. அவை கழுவித் துடைக்கப்பட்டு, புதுப் பெட்டியில் ஆசிய நாடுகளெங்கும் வந்தன. மைனிங்கில் ஓடிய கார்ட் எல்லாம் கெட்டது என்று சொல்வதற்கில்லை. நிலையான சூட்டில் ஓடியவை சில நன்றாகவே இருக்கின்றன. ஆனால் மின்விசிறி தேய்ந்திருக்கும், மெமறிக்கு மேலுள்ள சூடு கடத்தும் பட்டை காய்ந்திருக்கும், உள்ளே பயோஸ் மாற்றப்பட்டிருக்கலாம். போலிகள் வேறு. ஜீடிஎஸ் 450, ஜீடிஎக்ஸ் 550 டீஐ போன்ற பத்து வருடங்களுக்கு மேற்பட்ட சிப்களில் பயோஸை மாற்றி 1050 டீஐ என்று காட்டும் கார்ட்கள் வந்தன. அவற்றைப் பிடிப்பதற்கென்றே 2018இல் ஜீபீயூ-இசட் மென்பொருளில் தனி வசதி சேர்க்கப்பட்டது. போலி என்றால் பெயருக்கு முன்னால் அதைக் காட்டிவிடும். '1050 டீஐ' என்று சொல்லிக்கொண்டு வரும் கார்ட்டில் வீஜீஏ துளை இருந்தால் அங்கேயே சந்தேகப்படலாம்.

எனது கடையில் பாவித்த கார்ட் எதுவும் அரை மணித்தியாலம் முழுப் பாரத்தில் ஓடாமல் வெளியே போகாது. திரையில் புள்ளி, கோடு விழுகிறதா, சூடு எங்கே போய் நிற்கிறது, விசிறிச் சத்தம் எப்படி என்று பார்ப்போம். தோட்டப் பகுதியில் விறகடுப்புப் புகை பிடித்த கார்ட்களும் திரும்பி வரும். விசிறி இதழில் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் ஒட்டியிருக்கும். அது மைனிங் கார்ட்டை விட மோசம். இன்னொன்று, ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி மின்னலின்போது பிளக்கைக் கழற்றி வைக்கும்படி வாடிக்கையாளரிடம் வாயால் சொல்லி அனுப்புங்கள். மின்னல் அடித்த கார்ட்டுக்கு எந்த உத்தரவாதமும் செல்லாது.

2019 சம்பவத்துக்குப் பிறகு எமது பள்ளிவாசல் மௌலவி ஒருவரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். மதீனாச் சந்தையில் நபி (ஸல்) அவர்கள் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, அடியில் ஈரத்தைக் கண்டு, மழையில் நனைந்தது என்று சொன்ன வியாபாரியிடம் நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாமே என்று கேட்ட சம்பவத்தை நாமெல்லோரும் சிறு வயதிலிருந்தே கேட்டிருக்கிறோம். அவர் எடுத்துச் சொன்னது அதன் ஒரு நுணுக்கத்தை: நனைந்த தானியத்தை விற்கக் கூடாது என்று அங்கே சொல்லப்படவில்லை. மறைக்கக் கூடாது என்பதுதான். டிடிஆர்4 கார்ட் நனைந்த தானியம். மேலே வைத்து விற்றால் அதற்கும் ஒரு விலை உண்டு, அதற்கும் ஒரு ஆள் உண்டு. எனக்கே தெரியாமல் விற்றேனே என்று கேட்டேன். தெரியாதது பாவத்தைக் குறைக்கலாம், வாங்கியவரின் உரிமையைக் குறைக்காது என்றார். மறைந்திருந்த குறை தெரிய வந்தால் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு இருக்கிறது. பிக்ஹில் அதற்கு கியாருல் ஐப் என்று பெயர். 'விற்ற பொருள் திருப்பி எடுக்கப்பட மாட்டாது' என்று பற்றுச்சீட்டின் அடியில் அச்சடித்திருந்தேன். அந்த வரியை எடுத்துவிட்டேன்.

அதற்குப் பதிலாகப் பற்றுச்சீட்டில் இப்போது எழுதுவது இதுதான்: சிப்பின் முழுப் பெயர், மெமறி எத்தனை ஜிபி, மெமறியின் வகை, கோர் எண்ணிக்கை, புதிதா பாவித்ததா, பாவித்தது என்றால் மைனிங்கில் இருந்ததாக எனக்குத் தெரியுமா இல்லையா. ஜீபீயூ-இசட் திரையைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்து வாடிக்கையாளருக்கு அனுப்பிவிடுவேன். பாவித்த கார்ட்டுக்கு மூன்று நாள் பரீட்சைக் காலம். ஷாபிஈ மத்ஹபில் நிபந்தனைத் தெரிவுக்கு மூன்று நாள்தான் எல்லை என்பதால் அதையே வைத்துக்கொண்டேன். மூன்று நாளில் பிடிக்கவில்லை என்று கொண்டு வந்தவர்கள் இதுவரை விரல் விட்டு எண்ணக் கூடியவர்களே.

தவணை வியாபாரம் செய்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. தோட்டத்துக் குடும்பங்கள் சம்பள நாளை வைத்துத்தான் வாங்குவார்கள். 2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1350 ரூபா என வர்த்தமானியில் வந்தது. கார்ட் ஒன்று 40,000 ரூபா என்று வைத்துக்கொண்டால் அந்தக் கணக்கில் ஏறத்தாழ முப்பது நாள் உழைப்பு. ரொக்க விலை ஒன்று, தவணை விலை ஒன்று என்று சொல்லி, வாங்குபவர் ஒன்றைத் தெரிந்தெடுத்து அந்த இடத்திலேயே விலை முடிவானால் அது ஆகும் என்பதே பெரும்பாலான உலமாக்களின் கருத்து. தவணை பிந்தினால் மேலதிகமாக அறவிடுவது கூடாது. நான் மூன்று தவணைக்கு மேல் கொடுப்பதில்லை. அதற்கு மார்க்கக் காரணம் இல்லை, வியாபாரக் காரணம்தான். கிரபிக்ஸ் கார்ட் தங்கமல்ல. கடன் முடிவதற்குள் அதைவிட நல்லது அதே விலைக்கு வந்துவிடும், பிறகு கொடுப்பவருக்கு மனம் வராது.

இருப்பு வைப்பதும் அதே காரணத்தால் ஆபத்தானது. சாதாரண காலத்தில் கார்ட்டின் விலை கீழே இறங்கிக்கொண்டே போகும். விதிவிலக்காக வந்தது 2020 முடிவிலிருந்து 2022 வரையான காலம். உலகெங்கும் கார்ட் தட்டுப்பாடு, அதற்கு மேல் எமது நாட்டில் 2022 மார்ச்சில் 203 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதம் 360ஐத் தொட்டது. இருந்த சரக்கைப் பழைய விலைக்கு விற்றவர்களால் அந்தப் பணத்துக்கு அதே சரக்கை மறுபடி வாங்க முடியவில்லை. நான் அப்போது மூன்று கார்ட் விற்று, வந்த காசுக்கு இரண்டுதான் வாங்கினேன். அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு இனிமேலும் பதுக்கி வைத்தால் இலாபம் என்று எண்ணினால் கையைச் சுட்டுக்கொள்வோம். 2025 முடிவில் மெமறி விலை உலகச் சந்தையில் மளமளவென ஏறியபோதும் நான் இரண்டு மூன்றுக்கு மேல் எடுக்கவில்லை. 2024 ஜனவரி முதல் வற் வரியும் 18 சதவீதம். அதைச் சேர்க்காமல் கொழும்பு விலையை வாடிக்கையாளருக்குச் சொல்லிவிட்டுப் பின்னர் கூட்டுவது நல்லதல்ல.

கொழும்பிலிருந்து தருவிப்பவர்கள் தொலைபேசியில் பெயரை மாத்திரம் சொல்லிக் கேட்க வேண்டாம். பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவுக்கு நேரில் போகும்போது பெட்டியின் ஓரத்து ஸ்டிக்கரை வாசித்த பிறகுதான் பணத்தை எடுங்கள். போக முடியாதவர்கள் அந்த ஸ்டிக்கரைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். மாதிரி இலக்கத்தை இணையத்தில் அப்படியே போட்டால் கம்பனியின் பக்கத்தில் கோர், மெமறி வகை, வாட் எல்லாம் வரும். பொதியை ரயிலில் போடுவதற்கு முன்னர் அந்த இலக்கத்தை மொத்த வியாபாரியின் பற்றுச்சீட்டிலும் எழுதுவித்துக்கொள்ளுங்கள். எழுத மறுப்பவரிடம் நான் இப்போது வாங்குவதில்லை.